ஒரு ரேஷன் கடையைக் கையில் வைத்துக்கொண்டு பொதுக்கொள்கை படிப்பது எப்படி

பொதுக்கொள்கையும் மேலாண்மையும் முதுகலையாகப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சியில சேரப் போற?" அவர் மேல் தப்பே இல்லை. நம் பேச்சில் கொள்கை என்றால் கட்சிக் கொள்கை, கொள்கைப் பிடிப்பு, கொள்கைக்காகச் சிறை சென்றவர், இப்படித்தான் காதில் விழுந்திருக்கிறது. அரசாங்கம் ஒரு பிரச்சினையை எடுத்து, இதைச் செய்வோம் இதைச் செய்ய மாட்டோம் என்று முடிவு பண்ணி, பணம் ஒதுக்கி, ஆள் போட்டு நடத்துகிறதே, அந்த முழு வேலைக்கும் அதே சொல்தான் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மாலை ஆனது. அத்தை வேறு, இது ஐஏஎஸ் கோச்சிங் மாதிரியா என்று கேட்டார். இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது போட்டித் தேர்வுக்கான தயாரிப்பு இல்லை, அந்த நினைப்பில் சேர்ந்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு தன்னார்வ அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டே தொலைதூர முறையில் படித்து முடித்தவன். அதற்குப் பிறகு ஏழெட்டுப் பேர் இந்தப் படிப்பில் சேர்வதற்குக் கூடவே இருந்து உதவியிருக்கிறேன். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சேருவதற்கு முன்பே உங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு திட்டத்தை, முடிந்தால் அந்தத் திட்டம் மக்களைத் தொடும் ஒரே ஒரு கவுண்டரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், படிப்பு முடியும்வரை படிக்கிற எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். நான் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர் ரேஷன் கடை.

முதலில் இது என்ன படிப்பு

காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள், 1,14,095 குழந்தைகள், 33.56 கோடி ரூபாய். ஏற்கெனவே மதிய உணவு இருக்கும்போது காலையிலும் போட வேண்டுமா, எந்தப் பள்ளிகளுக்கு முதலில், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை மட்டும் ஏன், இந்தப் பணத்தை வேறு எதில் போட்டிருக்கலாம் என்பதெல்லாம் கொள்கைக் கேள்விகள். விடிவதற்கு முன்பே எழுந்து வந்து சமைக்கப் போவது யார், ரவை தீர்ந்துபோனால் யாரிடம் சொல்வது, சமைப்பவர் ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைக்கு என்ன நடக்கும், உணவு வந்ததா என்று சென்னையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்பவை மேலாண்மைக் கேள்விகள். இந்த இரண்டையும் பிரிக்காமல் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தப் பட்டம். பொது நிர்வாகம் என்று நம் கல்லூரிகளில் காலங்காலமாக இருக்கும் எம்ஏ, அரசு எப்படி அமைந்திருக்கிறது என்பதில் அதிக நேரம் செலவழிக்கும். பொதுக்கொள்கைப் படிப்பில் பொருளாதாரமும் புள்ளியியலும் கூடுதலாக இருக்கும், கடைசியில் "அப்போ என்ன செய்யலாம்?" என்ற கேள்வியிலிருந்து தப்பிக்கவே முடியாது.

மேலாண்மை என்ற பகுதியைப் பலர் இளக்காரமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 இல் அமைக்கப்பட்டது. அதன் பெரிய சாதனையாக எல்லோரும் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதைச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், அதில் இந்த வருடம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கும், மாவட்டக் கிடங்கில் போய் எடுக்க எடுக்க அதில் கழிந்துகொண்டே வரும். மேலேயிருந்து எதையோ அனுப்பிவைக்க, இங்கே தேவையில்லாத மாத்திரை அலமாரியில் காலாவதியாகிக் கிடக்கும் நிலைமைக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எவ்வளவு பெரிய மாற்று! கேரளமும் ராஜஸ்தானும் இந்த மாதிரியைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. நல்ல கொள்கை பெரும்பாலும் இப்படி ஒரு நோட்டிலோ ஒரு படிவத்திலோதான் உயிரோடு இருக்கிறது.

எங்கே படிப்பது

பெங்களூருவில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2014 இல் இருந்து இரண்டு வருட பொதுக்கொள்கை முதுகலை நடத்துகிறது. நுழைவுத் தேர்வில் எழுத்துப் பகுதியும் உண்டு, அதனால் சரியான விடையைக் குறித்துவிட்டு வரும் பழக்கம் மட்டும் போதாது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஹைதராபாத் வளாகத்தில் பொதுக்கொள்கையும் ஆளுகையும் சேர்ந்த எம்ஏ இருக்கிறது. மும்பை, டெல்லி ஐஐடிகளில் இதற்கெனத் தனி மையங்கள் வந்துவிட்டன, கணக்கில் பலமுள்ள பொறியியல் பிள்ளைகளுக்கு அவை பொருந்தும். பெங்களூரு ஐஐஎம் 2002 இல் தொடங்கிய படிப்பு முதலில் பணியில் இருக்கும் அரசு அதிகாரிகளை மனதில் வைத்து வந்தது. வேலையை விட முடியாதவர்களுக்குப் பெங்களூருவின் தக்‌ஷசிலா போன்ற இடங்களில் இணையவழிப் படிப்புகள் உண்டு; அங்கே கொடுப்பது பல்கலைக்கழகப் பட்டமா சான்றிதழா என்பதைப் பணம் கட்டும் முன் நன்றாகப் படித்துப் பாருங்கள்.

வெளிநாடு என்றால் நம்மவர்களுக்குப் பக்கம் சிங்கப்பூர். தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ குவான் யூ பள்ளி 2004 இல் தொடங்கியது, அங்கே பொதுக்கொள்கை, பொது நிர்வாகம், பொது மேலாண்மை என்று மூன்று தனித்தனிப் பட்டங்கள் இருக்கின்றன. எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே எது உங்களுக்கு என்று தெரிந்துவிடும். பிரிட்டனில் பெரும்பாலும் ஒரே வருடம். பிரிட்டன் அரசு தரும் செவெனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்கத் தமிழக அரசே உதவித்தொகை தருகிறது, அதைத் தெரியாமலேயே கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும், முதலில் அதை விசாரியுங்கள்.

தொலைதூரம், இணையவழி என்று போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியப் பல்கலைக்கழகமாக இருந்தால் அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைதூரக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். வெளிநாட்டு இணையவழிப் பட்டமாக இருந்தால், பிற்பாடு அரசு வேலைக்கோ பிஎச்டிக்கோ போகும்போது இங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்ற சான்று கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தன்னார்வ அமைப்பிலோ தனியார் ஆலோசனை நிறுவனத்திலோ தொடரப் போகிறீர்கள் என்றால் இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் 28 வயதில் வேண்டாம் என்று தோன்றுவது 34 வயதில் வேண்டும் என்று வரும்.

இன்னொரு வாசலும் உண்டு. முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்று தமிழக அரசு 2022 இல் தொடங்கியது. தேர்வாகிறவர்கள் அரசுத் துறைகளோடு இரண்டு வருடம் வேலை செய்துகொண்டே, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் வழியாகப் படிக்கவும் செய்கிறார்கள். இடங்கள் மிகக் குறைவு, தேர்வும் கடினம். ஆனாலும் சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கும் வாய்ப்பு என்பதால் வயது வரம்புக்குள் இருந்தால் ஒரு முறையாவது எழுதிப் பாருங்கள்.

விண்ணப்பக் கட்டுரை

"சமுதாயத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது சிறுவயதிலிருந்தே என் கனவு" என்று தொடங்கும் கட்டுரையைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். உண்மையாகவே கனவாக இருந்தாலும், படிப்பவருக்கு அன்றைக்கு அது நாற்பதாவது கனவு. நான் உதவிய ஒரு தங்கை கிராம செவிலியரின் மகள். முதல் வரைவில் அவளும் கனவு என்றுதான் எழுதியிருந்தாள். அம்மாவைப் பற்றிச் சொல்லு என்றேன். அம்மா பகலெல்லாம் ஊசி போட்டுவிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து அதே விவரத்தை நோட்டில் ஒருமுறை, செல்போன் செயலியில் ஒருமுறை ஏற்றுவார், சிக்னல் இல்லாவிட்டால் மொட்டை மாடிக்குப் போவார் என்றாள். அதையே எழுது, பிறகு "இரண்டு முறை பதிவு செய்யச் சொன்னது யார், ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்று முடி என்றேன். இடம் கிடைத்தது. நீங்கள் பார்த்த ஒரு காட்சி, அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வி, அதற்கு இந்தப் படிப்பில் எந்தப் பாடம் உதவும் என்ற ஊகம், இவ்வளவு இருந்தால் நல்ல கட்டுரை.

கடையோடு படிப்பது

முதல் செமஸ்டரில் கொடுக்கும் வாசிப்புப் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வாரத்துக்கு 150 பக்கம், எல்லாம் ஆங்கிலத்தில், எடுத்துக்காட்டுகள் எல்லாம் அமெரிக்க நகரசபைகளும் பிரிட்டிஷ் மருத்துவமனைகளும். முதல் இரண்டு மாதம் நானும் வரிக்கு வரி படித்து, அடிக்கோடு போட்டு, ஒன்றும் மனதில் தங்காமல் தவித்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை அம்மாவுக்காக ரேஷன் கடையில் நிற்கும்போது மாறியது.

எனக்கு முன்னால் ஒரு பாட்டி. காரை வேலைக்குப் போனவர், விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழ என்று இருந்தது. விற்பனையாளர் விரல்ரேகை பதியும் கருவியை நீட்டினார். கட்டை விரல், இல்லை. ஆள்காட்டி விரல், இல்லை. சேலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், இல்லை. மேசை மேல் இருந்த ஈரத்துணியைக் கொடுத்து அதில் தொட்டுவிட்டு வைக்கச் சொன்னார், இல்லை. வரிசை முனகத் தொடங்கியது. விற்பனையாளர் பாட்டியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பிறகு, "நீங்க அந்தப் பக்கம் உக்காருங்கம்மா, கூட்டம் குறையட்டும்" என்றார். பாட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அரிசி கிடைத்தது. ஆனால் கொடுக்கலாமா வேண்டாமா, எப்போது, எப்படி என்று முடிவெடுத்தது சென்னையும் இல்லை டெல்லியும் இல்லை, அந்த மேசைக்குப் பின்னால் இருந்த ஒரு மனிதர்.

அந்த வாரம் படிக்க வேண்டியது மைக்கேல் லிப்ஸ்கி என்பவர் 1980 இல் முன்வைத்த கருத்து: தெருமட்டத்தில் மக்களை நேரடியாகச் சந்திக்கும் ஊழியர் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள்தான் கடைசியில் அரசின் கொள்கையாக ஆகின்றன. வீட்டுக்கு வந்து அதைத் திறந்தேன், ஒரே மூச்சில் படித்தேன். ஓரத்தில் "ஈரத்துணி" என்று எழுதினேன். இன்றுவரை அந்தக் கருத்து எனக்கு மறக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எதைப் படித்தாலும் ஓரத்தில் "நம்ம கடையில்?" என்று எழுதி, பதில் ஒரு வரியாவது எழுதாமல் அடுத்த பக்கம் போவதில்லை. ஜான் கிங்டன் என்பவர் 1984 இல், பிரச்சினை ஒரு பக்கம், தீர்வு ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என மூன்றும் தனித்தனி ஓடைகளாக ஓடுகின்றன, மூன்றும் கூடும் நேரத்தில்தான் கொள்கை மாறுவதற்கான ஜன்னல் திறக்கிறது என்றார். சரி, நம்ம கடையில்? கைரேகை முறை தமிழகத்தில் வந்தது 2020 அக்டோபரில், ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தோடு. முதியவர்களின் விரல் பதியாத பிரச்சினை அன்றைக்கே தெரியும். பக்கத்து ஆந்திரா 2021 இல் எல்லோருக்கும் வண்டியில் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. நம்மிடம் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீடு தேடி ரேஷன் வந்தது 2025 ஆகஸ்டில், தாயுமானவர் திட்டமாக, சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய வருடம். அதே 2025 இல் ஆந்திரா வண்டிகளை நிறுத்திவிட்டுக் கடைக்கே திரும்பியது, முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மட்டும் வீட்டுக்குக் கொடுப்பது என்று. இரண்டு மாநிலமும் வெவ்வேறு பாதையில் போய் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததைக் கிங்டனை வைத்து எழுதிப் பாருங்கள், தேர்வுக்கு வேறு குறிப்பே வேண்டாம்.

வாசிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. முதலில் முன்னுரை, முடிவுரை, அட்டவணைகள். பிறகு "இவர் யாரோடு சண்டை போடுகிறார்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டுரையும் தனக்கு முன்னால் யாரோ சொன்னதை மறுக்கத்தான் எழுதப்படுகிறது, அது பிடிபட்டால் நடுவில் உள்ள முப்பது பக்கத்தில் இருபதைத் தாண்டிப் போகலாம்.

ஆங்கிலத்துக்கு என்ன வழி

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. எனக்குக் கைகொடுத்தது கொள்கை விளக்கக் குறிப்பு. ஒவ்வொரு துறையும் தன் மானியக் கோரிக்கை, அதாவது செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கை, சட்டமன்றத்துக்கு வரும்போது அந்த வருடம் என்ன செய்தோம், எவ்வளவு செலவு, அடுத்து என்ன என்று ஒரு புத்தகம் வைக்கிறது. அது தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியாகும், அரசு இணையதளத்தில் இலவசம். என் கடைக்கு வேண்டியது கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் குறிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பத்தி தமிழில், அதே பத்தி ஆங்கிலத்தில் என்று படித்தேன். மூன்று மாதத்தில் துறைச் சொற்கள் இரண்டு மொழியிலும் வந்துவிட்டன. அதோடு, அரசு ஒரு திட்டத்தைத் தன் வாயால் எப்படி விவரிக்கிறது என்பதும் பழகும். பிறகு அதே துறை பற்றிய இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையை எடுங்கள். ஒரே திட்டத்தைத் துறை சொல்வதற்கும் தணிக்கை சொல்வதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் உங்கள் அசைன்மென்ட் இருக்கிறது.

இரண்டிலும் கிடைக்காத விவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம். தமிழ்நாடு 1997 இலேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது, இப்போது இருப்பது 2005 இன் மத்தியச் சட்டம். பத்து ரூபாய், முப்பது நாள். கேள்வியை "ஏன்" என்று கேட்காதீர்கள், "இந்த ஆவணத்தின் நகல்" என்று கேளுங்கள். ஏன் என்ற கேள்வியைச் சட்டப்படியே ஒதுக்கிவிட முடியும்.

கணக்குப் பயம்

பாதிப் பேர் பின்வாங்குவது இங்கேதான். தேவைப்படும் கணக்கில் பெரும்பகுதி வகுத்தலும் சதவீதமும்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். காலை உணவையே வகுத்துப் பார்ப்போம். 33.56 கோடியை 1,14,095 ஆல் வகுத்தால் ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2,940 ரூபாய். பள்ளி நாள் 220 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 13 ரூபாய் சொச்சம். இப்போது கேளுங்கள்: இதில் ரவையும் பருப்பும் மட்டுமா, சமைப்பவரின் கூலியும் உண்டா, அடுப்பும் பாத்திரமும் முதல் வருடச் செலவிலேயே சேர்ந்துவிட்டதா, விறகா கேஸா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்துவிட்டால் பொது நிதிப் பாடத்தில் பாதி முடிந்தது.

மற்றதில் கடினமானது ஒன்றே ஒன்று, அதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். திட்டம் வந்த பிறகு வருகைப் பதிவு கூடியது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. திட்டத்தால்தான் கூடியதா? 2022 இல் கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் சகஜ நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம், திட்டம் வராத பள்ளிகளிலும் வருகை கூடியிருக்கலாமே? 2023 ஆகஸ்ட் 25 அன்றுதான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது, அப்படியானால் நடுவில் உள்ள பதினோரு மாதம் வந்த பள்ளிகளையும் வராத பள்ளிகளையும் ஒப்பிடலாமே? ஒப்பிடலாம், ஆனால் முதல் 1,545 பள்ளிகள் சீட்டுக் குலுக்கி எடுத்தவை இல்லை. மாநகராட்சி, நகராட்சி, ஊரகம், மலைப்பகுதி என்று பார்த்து எடுத்தவை. மலைப்பள்ளியைச் சமவெளிப் பள்ளியோடு வைத்தால் வித்தியாசம் சோற்றால் வந்ததா மலையால் வந்ததா? இந்த ஒரு சிக்கலை அவிழ்ப்பதற்குத்தான் புள்ளியியல் வகுப்பில் வரும் அத்தனை சூத்திரமும். சூத்திரத்தை முதலில் மனப்பாடம் பண்ணாமல், இந்தக் கேள்வியை ஒரு வாரம் மனதில் போட்டு உருட்டிவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

இரண்டு பக்கக் குறிப்பு

நம் அலுவலகங்களில் மெமோ என்றால் விளக்கம் கேட்டு வரும் ஓலை. இந்தப் படிப்பில் மெமோ என்பது முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்கு, பிரச்சினை இது, வழிகள் இவை, நான் இதைச் சொல்கிறேன் என்று இரண்டே பக்கத்தில் எழுதுவது. கல்லூரியில் பத்து மார்க் கேள்விக்கு எட்டுப் பக்கம் எழுதியே வளர்ந்த நமக்கு இதுதான் உடம்பு வலிக்கும் பயிற்சி.

என் முதல் மெமோ இப்படித் தொடங்கியது: "பொது விநியோகத் திட்டத்தில் விரல்ரேகை முறையால் முதியோர் எதிர்கொள்ளும் பல்வேறு சவால்களை ஆராய்ந்து, அவற்றைக் களைவதற்கான விரிவான நடவடிக்கைகள் எடுக்கப்பட வேண்டும்." ஆசிரியை சிவப்பு மையில் ஒரே கேள்விதான் எழுதினார்: யார், எதை, எப்போது? மூன்றாவது வரைவு இப்படி வந்தது: "விரல்ரேகை இரண்டு முறை பதியாவிட்டால், கடை விற்பனையாளர் பதிவேட்டில் கையொப்பம் பெற்று அப்போதே பொருள் வழங்கலாம் என்று கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும், அந்தப் பதிவுகளை மாதம் ஒருமுறை வட்ட வழங்கல் அலுவலர் சரிபார்க்கலாம்." இரண்டாவதை ஓர் அதிகாரி மறுக்கலாம், முறைகேட்டுக்கு வழி ஆகும் என்று சொல்லலாம். மறுக்க முடிகிறது என்பதே அது குறிப்பு என்பதற்கு அடையாளம். முதலாவதை யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் எதுவும் செய்யவும் மாட்டார்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனை வையுங்கள். "வேண்டும்" என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் செய்யப்போகிறவரின் பதவிப் பெயர் இருக்கிறதா? பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? மற்றபடி "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்ற வாக்கியத்தை, நான் கெஞ்சிக் கேட்கிறேன், எழுதவே எழுதாதீர்கள். அந்தப் பாட்டிக்கு விழிப்புணர்வில் குறை இல்லை.

வேலையோடு படிப்பவர்களுக்கு

வாரத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வேண்டும், அதற்குக் குறைந்தால் மூன்றாவது மாதம் தேங்கிவிடும். எனக்கு விடியற்காலை நான்கரையிலிருந்து ஆறரை, வாரத்தில் ஐந்து நாள். ராத்திரி படிப்பு அலுவலகக் களைப்போடு ஒத்துவரவில்லை. வீட்டில் கேட்டு, பேசி, ஒத்துக்கொள்ள வைத்துச் சேருங்கள், குறிப்பாகக் குழந்தை உள்ள பெண்கள். பரீட்சை வாரத்தில் யார் சமைப்பது என்பதைச் சேரும் முன்பே தீர்த்துக்கொண்டவர்கள்தான் முடித்தார்கள், இதை ஏழெட்டுப் பேரில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான்கு பேர் சேர்ந்த குழு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸப்பில் ஆளுக்கொரு கட்டுரையைப் படித்து ஐந்து நிமிடம் தமிழில் பேசி அனுப்புவது என்று வைத்தோம். தமிழில் சொல்ல வரவில்லை என்றால் எனக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். என் பல்கலைக்கழகத்தில் அசைன்மென்ட் திருத்தி வர மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்கள், ஒரு முறை வரவே இல்லை. அந்த மாதிரி நேரத்தில் குழுவில் உள்ளவர்கள் திருத்தியதுதான் கிடைத்த ஒரே திருத்தம்.

வேலைவாய்ப்பு பற்றிச் சுருக்கமாக. அரசுத் திட்டங்களின் கண்காணிப்புப் பிரிவுகள், ஆய்வு நிறுவனங்கள், பெரிய தன்னார்வ அமைப்புகள், அரசுக்கு ஆலோசனை கொடுக்கும் தனியார் நிறுவனங்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆய்வு உதவியாளர் பணி, இவை உண்டு. பட்டத்தின் பெயருக்காக மட்டும் யாரும் எடுப்பதில்லை. நல்ல மெமோ இரண்டு, ஒரு தரவுப் பணி, களத்தில் இருந்த அனுபவம், இவற்றைக் கேட்கிறார்கள். அதனால் படிக்கும்போதே சேர்த்து வையுங்கள். களத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டுப் படிக்க வருகிறவர்களுக்குப் பலன் கைமேல் தெரிகிறது. இளங்கலை முடித்த கையோடு சேருவதைவிட இரண்டு வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டுச் சேருங்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வேடு

தலைப்பைச் சின்னதாக்குங்கள். "தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம்" என்றால் பத்து வருடம் ஆகும். என்னுடையது ஒரே ஒன்றியத்தில் பதினொரு கடைகள், ஒரு மாதம், விரல் பதியாதபோது என்ன நடக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கடையிலும் மூன்று காலைப்பொழுது உட்கார்ந்து எண்ணினேன். முன் அனுமதிக் கடிதத்துக்கே ஐந்து வாரம் ஆனது, அதனால் தலைப்பு முடிவான அன்றே கடிதம் கொடுத்துவிடுங்கள். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போவதைவிட, முதல் நாள் ஒன்றும் கேட்காமல் ஓரமாக உட்காருவது நல்லது. இரண்டாம் நாள் அவர்களே பேசுவார்கள். பேட்டி கொடுத்தவர் பெயரும் கடை எண்ணும் ஆய்வேட்டில் வரக் கூடாது, விற்பனையாளர் மனிதத்தன்மையோடு செய்த விதிமீறலே அவருக்கு நடவடிக்கையாக வந்துவிடும்.

முடித்ததும் முதல் பிரதியை எங்கள் கடை விற்பனையாளரிடம் கொடுத்தேன். முழுவதும் படிக்கவில்லை, அட்டவணைகளை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நான்காவது அட்டவணையில் நின்றார். "தம்பி, பதியலன்னு வந்தவங்கள மட்டும் எண்ணியிருக்கீங்க. போன மாசம் பதியலன்னு இந்த மாசம் வராமலே இருந்தவங்கள எண்ணலையே" என்றார். அதற்குள் ஆய்வேடு சமர்ப்பித்தாகிவிட்டது. நீங்கள் களத்துக்குப் போகும்போது பதிவேட்டில் முந்தைய மூன்று மாதத்தையும் சேர்த்துக் கேளுங்கள், வராமல் நின்றவர்களின் அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.